பழைய மடிக்கணினியைப் பேணிப் பயன்கொள்வோம்

(திருப்பூர் மாவட்டத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



கிராம முன்னேற்றம் என்றால் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், விதை, உரம் ஆகியவற்றைக் குறித்தே நாம் பேசுவது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறிது வேறானது. நம் வீடுகளில் பரண்மீதும் பீரோவுக்குள்ளும் கிடக்கும் பழைய மடிக்கணினியைப் பற்றி, அதாவது லேப்டாப்பைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். அது ஏன் மந்தமாகிறது, அதன் மின்கலம் ஏன் நிற்பதில்லை, எவற்றை நாமே சரிசெய்து கொள்ளலாம், எப்போது கைவிட வேண்டும் என்பவையே இவ்வுரையின் பொருள்.

நம் வீடுகளில் உறங்கும் செல்வம்

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டத்தில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அவர்கள், அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் நிறுவனத்தின் வாயிலாகக் கொள்முதல் செய்யப்பட்ட இக்கருவிகள், அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழகம் முழுவதும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கைகளைச் சென்றடைந்தன. அவிநாசியிலும் பல்லடத்திலும், பொங்கலூரிலும் ஊத்துக்குளியிலும், குண்டடத்திலும் மூலனூரிலும் எத்தனையோ உழவர் வீடுகளுக்குள் முதன்முதல் நுழைந்த கணினி அதுவே.

அன்று அதைப் பெற்ற பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டனர். கருவியோ வீட்டிலேயே தங்கிவிட்டது. திறந்தால் எழுந்திருக்கக் கால் மணி நேரம் ஆகிறது. மின்கம்பியைப் பிடுங்கினால் உடனே அணைந்துவிடுகிறது. ‘இனி இது உதவாது’ என்று ஓரமாக வைத்துவிடுகிறோம். பிறகு தங்கைக்குக் கல்லூரிப் படிப்புக்குக் கணினி வேண்டுமென்றால் தவணைக் கடனில் புதிது வாங்குகிறோம்.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். தோட்டத்தில் இரண்டு ஏக்கர் மக்காச்சோளம். வீட்டு முற்றத்தில் கொட்டகை போட்டு நான்கு பவர் டேபிள் வைத்துப் பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. வந்தபின் அத்தகைய சிறு தொழிலுக்கும் ரசீதும் கணக்கும் கணினி வழியே செய்ய வேண்டிய தேவை மிகுந்துவிட்டது. மகளுக்குப் படிப்பு, தந்தைக்குக் கணக்கு, தாய்க்கு மகளிர் குழுப் பதிவேடு ஆகிய இம்மூன்றுக்கும் பழைய மடிக்கணினி ஒன்றே போதுமானது. அதைச் செப்பனிட ஆகும் செலவு எங்கே? புதிது வாங்கும் கடன் எங்கே? இவ்வேறுபாடு ஒரு குடும்பத்துக்கு ஒரு போகத்தின் மிச்சத்துக்கு ஈடாகலாம். ஆகவேதான் இதனைக் கிராமப் பொருளாதாரத்தைச் சேர்ந்த விஷயமாக நான் கருதுகிறேன்.

முதற்கண் செய்ய வேண்டியது

செப்பனிடத் தொடங்குமுன் ஒன்றைச் செய்தாக வேண்டும். உள்ளே இருக்கும் கணக்கு, புகைப்படம், சான்றிதழ் நகல் அனைத்தையும் வெளியே வேறொரு வட்டிலோ பென் டிரைவிலோ படியெடுத்து வையுங்கள். கருவி போனால் வேறு கருவி வாங்கலாம். மூன்றாண்டுக் கணக்குப் போனால் எங்கே வாங்குவது? கிணற்றில் இறங்குமுன் கயிற்றைக் கட்டிக்கொள்வது போன்றது இது.

மற்றொன்றையும் நினைவில் வையுங்கள். கடையில் பழுது பார்க்கக் கொடுக்கும்போதோ விற்கும்போதோ, அதில் பதிந்திருக்கும் ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம், கடவுச்சொல் ஆகியவற்றையும் சேர்த்தே கொடுக்கிறோம். எனவே படியெடுத்தபின் அவற்றை நீக்கிவிட்டுக் கொடுப்பதே அறிவுடைமை.

மந்தத்தின் காரணங்கள்

காங்கேயம் காளை தள்ளாடினால் உழவன் உடனே சாட்டையை எடுப்பதில்லை. லாடம் கழன்றதா, நுகம் கழுத்தை அறுக்கிறதா, வண்டியில் பாரம் மிகுந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். கணினிக்கும் அதே முறைதான். மந்தத்துக்குப் பெரும்பாலும் நான்கு காரணங்களே உண்டு: வெப்பம், மிகைச் சுமை, தேய்ந்த வட்டு, போதாத நினைவகம்.

எது காரணம் என்பதைக் கணினியே சொல்லும். விண்டோஸ் உள்ள கருவியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ என்ற பட்டியல் தோன்றும். விண்டோஸ் 8, 10 ஆகியவற்றில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்ற மூன்று கலங்களில் விழுக்காடு காட்டப்படும். டிஸ்க் எப்போதும் நூறு விழுக்காட்டை ஒட்டி நின்றால் குறை வட்டில். மெமரி தொண்ணூறைத் தாண்டி நின்றால் நினைவகம் போதவில்லை. சி.பி.யு. ஓயாமல் உழைத்தால் ஏதோ ஒரு நிரலோ வைரஸோ அதை வதைக்கிறது. மூன்றுமே அமைதியாக இருந்தும் விசிறி இரைந்து, அடிப்பாகம் சுட்டு, வேலை நகரவில்லையாயின் அது வெப்பம்.

நம் வட்டாரத்துக்கே உரிய நோய்

வெப்பத்தைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். ஏனெனில் இது நம் பகுதிக்கே உரிய நோய். கணினியின் மூளையாகிய செயலி சூடேறும்போது, தான் கருகிவிடாதபடி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அச்சூட்டை வெளியேற்றவே ஒரு சிறு விசிறியும், மெல்லிய தகடுகள் அடுக்கிய ஒரு சல்லடையும் உள்ளே அமைந்துள்ளன. வேறு ஊர்களில் அதில் படிவது மண்தூசி. திருப்பூரிலோ பின்னல் எந்திரத்திலிருந்தும், கட்டிங் மேசையிலிருந்தும், ஓவர்லாக் எந்திரத்திலிருந்தும் எழும் பஞ்சு. மண்தூசி உதிரும்; பஞ்சோ ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கம்பளிபோல் சல்லடையின் வாயை அடைத்துவிடும். விசிறி எவ்வளவு சுழன்றாலும் காற்று வெளியே வராது.

சோதிப்பது எளிது. கருவி ஓடும்போது பக்கவாட்டுத் துளையருகே கையை வையுங்கள். சூடான காற்று நன்றாக வீசினால் நலம். விசிறி இரைந்தும் காற்று வராவிடில் அடைப்பு உண்டு.

தூய்மை செய்யும் முறை இது. கருவியை முழுவதும் அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கழற்றக்கூடிய மின்கலமாயின் அதனையும் கழற்றிவிடுங்கள். அடிமூடியைத் திறக்கத் தெரிந்தவர் திறந்து, விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் பஞ்சைத் தளர்த்திக் கைப்பம்பினால் ஊதி வெளியேற்றலாம். தெரியாதவர் கடையில் கொடுப்பதே நன்று. இரண்டு எச்சரிக்கைகள். பனியன் கம்பெனியின் கம்ப்ரஸர் காற்றை இதன்மீது பாய்ச்சாதீர்கள், அதில் நீர்த்துளியும் எண்ணெயும் கலந்திருக்கும், அழுத்தமும் மிகையானது, விசிறியின் இதழ் முறியும். பனியன் வேஸ்ட் துணியால் உட்பகுதியைத் துடைக்காதீர்கள். துடைப்பதைவிட அது பஞ்சை உதிர்ப்பதே மிகுதி.

பல ஆண்டு ஓடிய கருவியில் செயலிக்கும் தகட்டுக்கும் இடையே பூசப்பட்ட வெப்பப் பசை காய்ந்து போயிருக்கும். மூடியைத் திறந்த கையோடு அதனையும் புதிதாகப் பூசச் சொல்லுங்கள். செலவு சிறிது, பயன் பெரிது.

ஆயுத பூஜைக்கு எந்திரங்களையெல்லாம் துடைத்துப் பொட்டு வைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. நல்ல வழக்கம். ஆனால் பூஜை ஆண்டில் ஒரு நாள்; பஞ்சு ஆண்டு முழுவதும். பவர் டேபிள் ஓடும் கொட்டகையிலேயே கணினியை வைத்திருப்போர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை துளைகளைப் பார்ப்பது அவசியம். கணினியை மெத்தையின்மீதோ துணிக் குவியலின்மீதோ வைத்து ஓட்டலாகாது; காற்றை உறிஞ்சும் துளை பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது.

மிகைச் சுமையும் தேய்ந்த உறுப்புகளும்

கணினி திறக்கும்போதே தாமாக எழுந்து உட்காரும் நிரல்கள் பல. டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்டப்’ என்ற பகுதியில் அவற்றின் பட்டியல் உண்டு. வேண்டாதவற்றை நிறுத்தி வையுங்கள். பெயர் தெரியாதவற்றைத் தெரிந்தவரிடம் கேட்டபின் நிறுத்துங்கள். வைரஸ் தடுப்பு நிரல் ஒன்றே போதும். இரண்டு இருந்தால் அவை ஒன்றையொன்று சந்தேகித்துக் கணினியைத் திணறடிக்கும். ஊரெல்லாம் சுற்றி வந்த பென் டிரைவைச் செருகியதும் முதலில் வைரஸ் சோதனை செய்யுங்கள். வட்டில் பத்தில் ஒரு பங்கேனும் காலியாக இருக்கட்டும். திருமண வீடியோக்களும் திரைப்படங்களும் நிறைந்த வட்டில் கணினிக்குக் கால் நீட்ட இடமிராது.

இவற்றுக்குப் பிறகும் மந்தம் நீங்கவில்லையாயின் உறுப்பை மாற்றுவதைப் பற்றி எண்ணலாம். பத்தாண்டுக்கு முந்திய கருவிகளில் பெரும்பாலும் சுழலும் ஹார்டு டிஸ்க்தான் இருக்கும். கிராமபோன் தட்டு போல் சுழலும் தகட்டின்மீது ஒரு முனை ஓடி ஓடிச் செய்தியைத் தேடிப் படிக்கிறது. சுழலும் உறுப்பு எதுவும் தேயும். அதிலிருந்து ‘டக், டக்’ என்ற ஓசை எழுந்தால் அது எச்சரிக்கை மணி; வேறு வேலை எதுவும் செய்யாமல் அன்றே படியெடுத்துக் கொள்ளுங்கள்.

அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்னும் சுழலாத வட்டைப் பொருத்தலாம். அதில் தேடி ஓடும் முனை இல்லாமையால் கால் மணி நேரம் எழுந்த கருவி ஒரு நிமிடத்துக்குள் எழுந்து நிற்பதும் உண்டு. பழைய மடிக்கணினிக்குச் செய்யும் செலவுகளில் இதற்கு நிகரான பயன் தருவது வேறில்லை. அடுத்தது ரேம் என்னும் நினைவகம். பழைய கருவிகளில் 2 ஜிபி அல்லது 4 ஜிபி அளவே இருக்கும். கருவி இடங்கொடுத்தால் அதனை 4 அல்லது 8 ஆக உயர்த்தலாம். எந்த வகை, எவ்வளவு வரை ஏற்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும். மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு போய்க் கேட்டு வாங்குங்கள்.

இயங்குதளத்தின் வயது

விண்டோஸ் 7க்குரிய பாதுகாப்பு ஆதரவு 2020ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாளோடும், விண்டோஸ் 10க்குரியது 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடும் முடிந்தன. அடுத்ததாகிய விண்டோஸ் 11 பழைய செயலிகளை ஏற்பதில்லை. எனவே நம் பழைய கருவிகளில் வங்கி வேலையைச் செய்வது தாழ்ப்பாள் துருப்பிடித்த வீட்டில் பணத்தை வைப்பதற்கு ஒப்பாகும்.

இதற்கு மாற்று உண்டு. லினக்ஸ் எனப்படும் இலவச இயங்குதளங்கள் பழைய கருவியிலும் இலகுவாக ஓடும். லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்றவை அவ்வகையைச் சேர்ந்தவை. நம் நாட்டின் சீடாக் நிறுவனம் பாஸ் லினக்ஸ் என்ற ஒன்றை உருவாக்கி அளித்திருக்கிறது. படிப்பு, தட்டச்சு, இணையம் ஆகியவற்றுக்கு இவை போதுமானவை. ஆனால் கணக்கு எழுதப் பயன்படும் சில நிரல்கள் விண்டோஸிலேயே ஓடும். அத்தகையோர் மாற்றுமுன் தம் கணக்கரைக் கலந்துகொள்வது நன்று. முதலில் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்து, பிடித்திருந்தால் நிலையாக நிறுவிக்கொள்ளலாம்.

மின்கலத்தின் இயல்பு

இனி மின்கலத்துக்கு வருவோம். மடிக்கணினியில் உள்ளது லித்தியம் அயனி மின்கலம். 1991ஆம் ஆண்டு ஜப்பானில் சோனி நிறுவனம் இதனை முதன்முதல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதனை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இம்மின்கலம் நிரம்பிக் குறையும் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது தேய்கிறது. சாதாரணமாக முந்நூறு முதல் ஐந்நூறு சுற்றுகளில் கொள்ளளவு ஐந்தில் நான்கு பங்காகக் குறையும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காலத்தால் தேயும். வெப்பம் அத்தேய்வை விரைவுபடுத்தும். 2012ஆம் ஆண்டில் சென்னை நீங்கலான மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மின்வெட்டில் மின்கலம் அடிமட்டம் வரை வற்றும். மின்சாரம் வந்ததும் முழுவதும் நிரம்பும். இடையில் பங்குனி, சித்திரை வெயில். இவ்வாறு உழைத்த மின்கலங்கள் விரைவில் தளர்ந்ததில் வியப்பில்லை.

மின்கலத்தின் தேய்வை அளக்க ஒரு வழி உண்டு. விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தியதில், ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்னும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து, ‘பவர்சிஎஃப்ஜி’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடிட்டு, ‘பேட்டரிரிப்போர்ட்’ என்று சேர்த்தடித்தால் ஓர் அறிக்கை கிடைக்கும். அதில் தொடக்கக் கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தொடக்கத்தில் 48,000 என்றும் இன்று 19,200 என்றும் இருப்பதாகக் கொள்வோம். ஐந்தில் இரண்டு பங்கே மிஞ்சியிருக்கிறது என்பது பொருள். 15 வாட் செலவாகும் கருவி முன்பு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடியிருக்கும். இன்று ஒன்றேகால் மணி நேரமே ஓடும். பாதிக்கும் கீழே போனபின் மின்கலத்தை மாற்றலாமா என்று எண்ணத் தொடங்கலாம்.

குறை மின்கலத்தில்தானா?

மின்கலம் நிற்கவில்லை என்றதும் புதிது வாங்க ஓடிவிடலாகாது. முதலில் பின்வருமாறு வரிசையாகப் பாருங்கள்.

ஒன்று: சுவர்ப் பிளக்கையும் கம்பியையும் சோதியுங்கள். எலி கடித்த கம்பியும் தளர்ந்த பிளக்கும் பல ‘மின்கலக் கோளாறு’களுக்குக் காரணம்.

இரண்டு: மின்கலத்தைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஓடினால் சார்ஜர் வேலை செய்கிறது. ஓடாவிடில் அதே வகையான வேறொரு சார்ஜரைக் கொண்டு சோதியுங்கள். சார்ஜர் மாற்றும்போது வோல்ட் அளவு பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அளவு பழையதற்குக் குறையலாகாது. முனையும் பொருந்த வேண்டும்.

மூன்று: முனையை அசைக்கும்போது விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் குறை செருகுமிடத்தில் இருக்கக்கூடும். அதைப் பற்றவைத்துச் சீராக்குவது சிறு செலவே.

நான்கு: நாற்பது விழுக்காடு என்று காட்டிக்கொண்டே திடீரென அணைந்தால் உள்ளே ஓர் அறை பழுதாகியிருக்கலாம், அல்லது அளவு காட்டும் கணக்குத் தவறியிருக்கலாம். ஒருமுறை முழுவதும் நிரப்பி, தானே அணையும்வரை ஓட்டி, மீண்டும் இடைவிடாது நிரப்புங்கள். கணக்குத் தவறாயின் இதில் சீராகும். சீராகாவிடில் மின்கலமே பழுது.

ஐந்து: ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி ஏதோ பழைய ஆண்டைக் காட்டுகிறதா? அது பெரிய மின்கலத்தின் குறையன்று. உள்ளே நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டு, அது வற்றிவிட்டது. தேதி தவறினால் வங்கி, வரி ஆகிய இணையதளங்கள் திறக்க மறுக்கும். பலர் இதனைக் கணினியின் கோளாறு என எண்ணிக் கைவிடுகின்றனர். அச்சிறு மின்கலத்தின் விலை மிகக் குறைவு.

இன்னொன்றும் உண்டு. மின்கலம் தளர்ந்தாலோ, சார்ஜரைக் கருவி அடையாளம் கண்டுகொள்ளாவிட்டாலோ சில மடிக்கணினிகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். எனவே மந்தமும் மின்கலமும் இரண்டு நோயாகத் தோன்றினாலும் சிலவேளை ஒரே நோயாக இருக்கும்.

மின்கலத்தைப் பேணும் முறை

நாள் முழுவதும் சார்ஜரிலேயே கிடக்கும் கருவியில், எண்பது விழுக்காட்டோடு நிரப்புவதை நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அடிக்கடி அடிவரை வற்றவிடாமல் இருபது, முப்பது விழுக்காட்டிலேயே நிரப்பத் தொடங்குங்கள். தகரக் கொட்டகையின் கீழும், வெயிலில் நிற்கும் வண்டியினுள்ளும் வைக்காதீர்கள். சில மாதம் பயன்படுத்தாமல் வைப்பதாயின் பாதி நிரப்பிக் குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தறி மோட்டாரும் பம்புசெட்டும் ஓடும் இணைப்பில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். கணினிக்கு நில இணைப்புள்ள தனிப் பிளக் இருப்பது நலம்.

தளர்ந்த மின்கலம் உப்பாதவரை அதைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. பத்து நிமிடமே நின்றாலும், மின்சாரம் போகும் நேரத்தில் கணக்கைச் சேமிக்க அப்பத்து நிமிடம் போதும்.

புதிது வாங்கும்போது இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும் பதிவு எண்ணும் பொறித்ததைப் பார்த்து, ரசீதுடன் வாங்குங்கள். பழைய கூட்டினுள் எங்கிருந்தோ கழற்றிய அறைகளை வைத்துப் பற்றவைத்துக் கொடுக்கும் மலிவு வேலையை நம்பாதீர்கள். வெவ்வேறு வயதுள்ள அறைகள் ஒன்றாகக் கட்டப்பட்டால், ஒன்று மிகையாக நிரம்பிச் சூடேறும். அது ஒரே நுகத்தில் கிழக்காளையையும் கன்றையும் பூட்டுவதை ஒக்கும்.

உயிருக்கு ஆபத்து

அடிப்பாகம் மேடாகிக் கணினி தரையில் சரியாக அமரவில்லையா? விசைப்பலகை மேலெழும்பியிருக்கிறதா? மின்கலம் உப்பியிருக்கிறது. அந்நொடியே நிறுத்துங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். உப்பலை அழுத்தாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்ற முயலாதீர்கள், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாதபடி வைத்து, அறிந்தவரிடம் ஒப்படையுங்கள். பனியன் துணியும் பஞ்சும் குவிந்த கொட்டகையில் ஒரு மின்கலம் தீப்பிடித்தால் என்ன நேரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மீறித் தீப்பற்றினால் வீட்டின் மின்சாரத்தை நிறுத்தி, பிள்ளைகளை வெளியேற்றி, புகையைச் சுவாசிக்காமல், தீயணைப்புத் துறையை 101 அல்லது 112 எண்ணில் அழையுங்கள். அப்புகை நச்சுடையது. நெடுநாள் வற்றிக் கிடந்து நிரம்ப மறுக்கும் மின்கலத்துக்கு வேறு கருவிகளால் நேரடியாக மின்சாரம் ஏற்ற முயல்வதும் இதே ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

எறிந்தால் எங்கே போகும்?

நொய்யல் கரையில் வாழும் நமக்குக் கழிவைப் பற்றி வேறொருவர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பாசனத்துக்கென 1990களின் தொடக்கத்தில் எழுந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும், கீழ்ப்பகுதி நிலங்களும் கிணறுகளும் கெட்டதும், உழவர்கள் நீதிமன்றம் சென்றதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் நாம் கண்ட வரலாறு. தொழிலும் இடர்ப்பட்டது, வேளாண்மையும் இடர்ப்பட்டது. கண்ணுக்குத் தெரியாமல் சிறிது சிறிதாகச் சேர்ந்த கழிவே அதற்குக் காரணம்.

கணினிக் கழிவும் அத்தகையதே. பழைய பற்றாசில் ஈயம் உண்டு. பழைய திரைகளின் விளக்கில் பாதரசம் உண்டு. மின்கலத்தில் கோபால்ட்டும் நச்சு உப்புகளும் உண்டு. செம்புக்காகக் கம்பியை எரித்தால் எழும் புகை மிகக் கொடியது. குப்பைமேட்டில் எறிந்தால் மழைநீரோடு அவை மண்ணுக்குள் இறங்கும். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், கழிவைப் பதிவுபெற்ற மறுசுழற்சி நிலையங்களுக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன. மின்கலக் கழிவுக்கும் 2022இல் தனி விதிகள் வந்தன. எனினும் வீட்டிலிருந்து அந்நிலையம் வரை கழிவைக் கொண்டு சேர்க்க ஒரு வழி வேண்டும். அவ்வழியை அமைப்பது ஊராட்சியால் இயலும்.

ஊராட்சிகள் செய்யக்கூடியவை

முதலாவதாக, ஒவ்வோர் ஊரிலும் ஓடாமல் கிடக்கும் மடிக்கணினிகள் எத்தனை என்று ஒரு கணக்கு எடுக்கலாம். இரண்டாவதாக, அருகிலுள்ள ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களையும் ஆசிரியர்களையும் அழைத்து, ஆண்டுக்கு இருமுறை ஒருநாள் செப்பனிடும் முகாம் நடத்தலாம். தூசி நீக்குதல், சார்ஜர் சோதித்தல், லினக்ஸ் நிறுவுதல் ஆகியவற்றை அங்கேயே செய்யலாம். உதிரி உறுப்பின் விலையை மட்டும் உரியவர் கொடுக்கலாம். மாணவருக்குத் தொழில் அறிவு; வீட்டாருக்குக் கருவி. மூன்றாவதாக, உரிமையாளர் விரும்பிக் கொடுக்கும் கருவிகளைச் செப்பனிட்டு ஊர் நூலகத்தில் வைத்தால், கணினி இல்லாத பிள்ளைகள் மாலையில் அங்கே படிக்கலாம். நான்காவதாக, உப்பிய மின்கலத்துக்கெனத் தனியாக மணல் நிரப்பிய பெட்டியையும், பிற கழிவுக்கு வேறொரு பெட்டியையும் வைத்துப் பதிவுபெற்ற நிலையத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம். நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. ஒன்றில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம்.

ஊராட்சி அலுவலகக் கணினிகளையும் மறந்துவிடலாகாது. 2020 ஏப்ரல் 24இல் இ-கிராம் ஸ்வராஜ் தளம் தொடங்கப்பட்டது முதல் ஊராட்சிக் கணக்குகள் கணினியோடு பிணைந்துவிட்டன. அலுவலகக் கணினி மந்தமாகிப் படுத்துவிட்டால், ஒப்பந்தக்காரர் பட்டியலும் தொழிலாளர் பணமும் தாமதமாகும். வீட்டுக் கணினிக்குச் சொன்ன ஒவ்வொன்றும் அதற்கும் பொருந்தும்.

எப்போது கைவிடுவது?

எல்லாவற்றையும் செப்பனிட வேண்டும் என்று நான் கூறவில்லை. திரை உடைந்து, தாய்ப்பலகையும் பழுதானால் செலவு மிகும். செப்பனிடும் செலவு, சந்தையில் கிடைக்கும் நல்ல பழைய கருவியின் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆயினும் அதன் ரேம், வட்டு, சார்ஜர் ஆகியவை இன்னொரு கருவிக்கு உதவும். பட்ட மரத்தையும் உழவன் உத்தரத்துக்கு வைத்துக்கொள்வதில்லையா? வரிசையையும் மறவாதீர்கள்: முதலில் படியெடுத்தல், அடுத்துத் தூசி, அடுத்துச் சுமை நீக்கம், அதன்பின்னரே உறுப்பு மாற்றம். காசு செலவாகாதவை முன்னே, செலவாகுபவை பின்னே.

பெரியோர்களே! கொடுத்த பொருளைப் பேணுவதும் உற்பத்திக்கு நிகரான பணியே. நம் மூதாதையர் ஏற்றத்தையும் வண்டியையும் தலைமுறை தலைமுறையாகப் பேணி வைத்திருந்தனர். இக்கருவியையும் அவ்வாறு பேணினால் ஒரு பெண்ணின் படிப்பு நிற்காது. ஒரு குடும்பம் கடன்படாது. நொய்யல் கரை மண்ணில் மேலும் ஒரு நஞ்சு சேராது. பரணில் இருப்பதை இவ்வாரமே இறக்கிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.